மோட்டாரைக் குறை சொல்லுமுன்: மின் வண்டிகளின் சென்சர் கோளாறைக் கண்டறிவது எப்படி?

காணியை இழந்து வேறிடத்தில் குடியேறியுள்ள குடும்பங்களைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரு வார்த்தையை நாம் அடிக்கடி கேட்கின்றோம். "மண்ணும் போயிருச்சு சாமி. இனி வண்டி ஓடுனாத்தான் வீட்டுல உலை கொதிக்கும்." 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்த பின்னரும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டமெங்கும் மலைகள் சரிந்த பின்னரும், மரக்கறித் தோட்டத்தையும் மாட்டையும் இழந்த பலர் வாடகை வண்டியை நம்பியே வாழத் தொடங்கினர். கையிலிருந்த பணத்தோடு கடனையும் சேர்த்து முச்சக்கர வண்டி வாங்கியவர்கள் உண்டு. சிலர் பழைய ஹைபிரிட் கார் வாங்கினார்கள்.

இந்த வண்டிகளில் பலவற்றில் இப்போது மின் மோட்டார் உள்ளது. 2010 ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஜப்பானிய ஹைபிரிட் கார்கள் நம் நாட்டுக்குப் பெருமளவில் வந்தன. 2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற அனுபவம் மக்களின் மனதை மின் வண்டிகளின் பக்கம் திருப்பியது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியுடன் பெற்றோல் முச்சக்கர வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றும் முன்னோடித் திட்டமும் தொடங்கப்பட்டது. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆகவே இத்தகைய வண்டிகள் எமது மலைப் பாதைகளில் இன்னும் பெருகும். அவற்றைப் பற்றிய அறிவும் எமது மக்களிடையே பெருக வேண்டும்.

அறிவு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை ஓர் அனுபவத்தின் மூலம் விளக்குகின்றோம்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

மண் சரிவில் காணியை இழந்த ஒரு குடும்பம் பழைய மின் முச்சக்கர வண்டி ஒன்றை வாங்கியது. அயலவர்களின் போஞ்சியையும் கரட்டையும் பண்டாரவளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்வதே அவர்களின் தொழிலாயிற்று. மழைக்காலத்தில் ஒருநாள் ஏற்றத்தில் நின்ற வண்டி மீண்டும் கிளம்பவில்லை. கைப்பிடியைத் திருகினால் மோட்டார் உறுமியது, நடுங்கியது, ஆனால் சுழலவில்லை. இரண்டு பேர் பின்னால் தள்ளிவிட்டால் மட்டும் ஓடியது.

கராஜ் ஒன்றில் காட்டியபோது, "மோட்டாரும் கொன்ட்ரோலரும் போய்விட்டன, இரண்டையும் மாற்ற வேண்டும்" என்றார்கள். கேட்ட தொகை வண்டி வாங்கிய விலையில் பாதிக்குக் கிட்ட இருந்தது. மனைவி தன் காதுத் தோட்டை அடகு வைக்க ஆயத்தமான நிலையில்தான் விடயம் எமது காதுக்கு எட்டியது. தொழிற்பயிற்சி பெற்ற ஓர் இளைஞனை அழைத்துக்கொண்டு சென்றோம். அவன் ஒரு மல்டிமீற்றருடன் முக்கால் மணி நேரம் வேலை செய்தான். மோட்டாரிலிருந்து வரும் மெல்லிய வயர்களின் கனெக்டருக்குள் ஒரு ஊசி பச்சைக் களிம்பு பிடித்து அரித்துப் போயிருந்தது. அதைச் சுத்தம் செய்து, புதிய ஊசி பொருத்தி, தண்ணீர் புகாதபடி மூடியதும் வண்டி ஏற்றத்தில் தானாகவே கிளம்பியது. மோட்டாரிலும் கொன்ட்ரோலரிலும் எந்தக் குறையும் இல்லை.

அந்தக் கராஜ்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நாம் சொல்லவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்றே எண்ணுகின்றோம். ஆனால் அந்த அறியாமைக்கான விலையைக் கொடுக்கவிருந்தது ஏற்கெனவே எல்லாவற்றையும் இழந்த ஒரு குடும்பம். இந்தப் பாடத்தை எழுதுவதன் காரணம் அதுவே.

சென்சர் எதற்கு?

பாடநூல்களில் உணரி என்று சொல்லப்படுவதையே கராஜில் சென்சர் என்கின்றோம். மோட்டாருக்கு அது ஏன் தேவை?

ஒரே உரலில் மூன்று பெண்கள் மாறி மாறி உலக்கை போடுவதை நினைத்துப் பாருங்கள். ஒருத்தியின் உலக்கை மேலே எழும்போது மற்றவளுடையது இறங்க வேண்டும். தாளம் தவறினால் உலக்கையோடு உலக்கை மோதும். மின் வண்டியின் மோட்டாரிலும் மூன்று கம்பிச்சுருள் தொகுதிகள் உள்ளன. நடுவில் காந்தம் பொருந்திய சுழலி இருக்கிறது. அது இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அறிந்து, அடுத்து எந்தச் சுருளுக்கு மின்சாரம் கொடுப்பது என்று கொன்ட்ரோலர் தீர்மானிக்க வேண்டும். அந்த இடத்தை அறிவிப்பதே நிலை காட்டும் சென்சரின் வேலை. அது பொய் சொன்னால் தாளம் தவறும். அப்போது மோட்டார் உறுமும், நடுங்கும், உதைக்கும், அல்லது கொன்ட்ரோலர் பாதுகாப்புக் கருதி வண்டியையே நிறுத்திவிடும்.

எமது பகுதி வண்டிகளில் நிலை காட்டும் சென்சர்கள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும்.

முதலாவது ஹோல் சென்சர். மின் ஸ்கூட்டர்களிலும் பல சிறிய மின் முச்சக்கர வண்டிகளிலும் இது உண்டு. 1879 இல் எட்வின் ஹோல் என்ற அமெரிக்க அறிஞர் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் இயங்குவதால் இப்பெயர் பெற்றது. அரிசி மணியை விடச் சற்றே பெரிய மூன்று துண்டுகள் மோட்டாருக்குள் இருக்கும். காந்தம் அருகில் வரும்போது ஒவ்வொன்றும் "உண்டு" அல்லது "இல்லை" என்று சொல்லும்.

இரண்டாவது ரிசோல்வர். பிரியஸ், அக்வா, நிசான் லீஃப் போன்ற கார்களில் இருப்பது இதுவே. இதில் காந்தமும் இல்லை, நுண்மின்னணுத் துண்டும் இல்லை. மூன்று மெல்லிய சுருள்களும், வட்டமாக இல்லாமல் மேடு பள்ளமாக வெட்டப்பட்ட ஓர் இரும்புத் தகடும் மட்டுமே உண்டு. ஒரு சுருளுக்குச் சமிக்ஞை கொடுக்கப்படுகிறது. தகடு சுழலச் சுழல மற்ற இரு சுருள்களில் திரும்பி வரும் சமிக்ஞை கூடிக் குறைகிறது. அதிலிருந்து வண்டியின் கணினி சுழலியின் கோணத்தைக் கணக்கிடுகிறது. ரிசோல்வர் உறுதியானது, எளிதில் பழுதாகாது. ஆகவே ரிசோல்வர் கோளாறு என்று ஸ்கேனர் காட்டினால் முதலில் வயரையும் கனெக்டரையும் சந்தேகிப்பதே நியாயம்.

இவற்றைத் தவிர மோட்டாரின் சூட்டை அறிவிக்கும் சென்சரும், மின்னோட்டத்தை அளக்கும் சென்சரும் உள்ளன. மின்னோட்டச் சென்சர் பெரும்பாலும் இன்வேர்ட்டருக்குள் அல்லது கொன்ட்ரோலருக்குள் இருப்பதால் அதை நாம் திறந்து பார்க்கலாகாது.

முதலில் உயிர், பின்னர் வண்டி

வீட்டு மின்சாரம் 230 வோல்ற். இரண்டாம் தலைமுறைப் பிரியஸின் பெரிய பற்றரி ஏறத்தாழ 200 வோல்ற், அதை இன்வேர்ட்டர் 500 வோல்ற் வரை உயர்த்துகிறது. லீஃப் காரின் பற்றரி ஏறத்தாழ 360 வோல்ற். இது நேர் மின்னோட்டம். பிடித்தால் விடாது. எனவே பின்வரும் விதிகளை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

1. செம்மஞ்சள் நிற உறையுள்ள தடித்த வயர்களைப் பயிற்சி பெறாதவர் தொடக்கூடாது. அவை உயர் மின்னழுத்த வயர்கள்.

2. ஹைபிரிட் அல்லது மின் காரில் மோட்டார்ப் பகுதியைச் சோதிப்பவர் வண்டியை நிறுத்தி, 12 வோல்ற் பற்றரியின் மறை முனையைக் கழற்றி, உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கை எடுத்து, அதைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பின்னரும் இன்வேர்ட்டருக்குள் மின்சாரம் தேங்கி நிற்கும். வண்டியின் கைநூல் சொல்லும் நேரம் வரை, குறைந்தது 10 நிமிடமாவது காத்திருந்து, மீற்றரால் அளந்து பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும். 1000 வோல்ற்றுக்கு உரிய றப்பர்க் கையுறை இல்லாமல் இவ்வேலை செய்யலாகாது. கையுறையில் ஓட்டை உண்டா என்று ஒவ்வொரு முறையும் காற்றடைத்துப் பார்க்க வேண்டும்.

3. முச்சக்கர வண்டியின் பற்றரி பொதுவாக 48 முதல் 72 வோல்ற் வரையே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். மோதிரமோ காப்போ இரு முனைகளையும் தொட்டால் அந்த உலோகம் பழுத்து விரலையே எரித்துவிடும். வேலைக்கு முன் நகைகளைக் கழற்றி வையுங்கள்.

எந்த ஒழுங்கில் தேடுவது?

மலிவானதையும் எளிதானதையும் முதலில் பார், விலை கூடியதைக் கடைசியில் பார். இந்த ஒழுங்கை மாற்றினால் பணம் வீணாகும். நாமும் ஒருமுறை அவ்வாறு தவறினோம். ஒரு ஸ்கூட்டரின் ஹோல் சென்சர்தான் பழுது என்று உறுதியாக நம்பி, கொழும்பிலிருந்து புதியதை வரவழைத்துப் பொருத்தினோம். வண்டி ஓடவில்லை. எலி கடித்த ஒரு வயரே காரணம் என்று பின்னர் தெரிந்தது. பணம் போனது, நாலு நாள் உழைப்பும் போனது.

படி 1: 12 வோல்ற் பற்றரி. ஹைபிரிட் காரில் இது நலிந்தால் கணினிகள் குழம்பி, சம்பந்தமில்லாத பல கோளாறுகளைக் காட்டும். வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்த பின் அளந்தால் 12.6 வோல்ற் அளவில் இருப்பது நல்லது. 12 வோல்ற்றுக்குக் கீழே என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

படி 2: கோளாறு இலக்கம். கைத்தொலைபேசியோடு இணையும் சிறிய ஸ்கேனரே பல இலக்கங்களைக் காட்டும். இலக்கத்தை அழிப்பதற்கு முன் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். எப்போது வந்தது, மழையிலா, ஏற்றத்திலா, எவ்வளவு வேகத்தில் என்பதையும் எழுதுங்கள். பி-0-ஏ-3-எஃப் என்பது ஓட்டும் மோட்டாரின் நிலை காட்டும் சென்சரின் மின்சுற்றைக் குறிக்கும். பி-0-ஏ-4-பி என்பது ஜெனரேற்றரின் சென்சர்ச் சுற்றைக் குறிக்கும். "சுற்று" என்ற சொல்லைக் கவனியுங்கள். சென்சர், வயர், கனெக்டர், கணினி ஆகிய நான்கும் அதில் அடங்கும். இலக்கம் தெருவின் பெயரைச் சொல்லும், வீட்டு இலக்கத்தைச் சொல்லாது.

படி 3: கண்ணும் கையும். சாவியை நிறுத்திவிட்டு, சென்சர் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பச்சைக் களிம்பு, தண்ணீர், செம்மண், வளைந்த ஊசி, எலி கடித்த தடம், உரசித் தேய்ந்த உறை ஆகியவற்றைத் தேடுங்கள். எமது பகுதியின் மூடுபனியும் மழையும் சேற்றுப் பாதையும் கனெக்டர்களுக்குப் பகைவர்கள். அழுத்தத் தண்ணீரால் மோட்டாரைக் கழுவும் பழக்கம் அதைவிடப் பெரிய பகை.

படி 4: மீற்றர்ச் சோதனை. இதைக் கீழே விரிவாகத் தருகின்றோம்.

படி 5: மோட்டார். மேற்கண்டவை யாவும் சரியென்றால் மட்டுமே மோட்டாரைச் சந்தேகியுங்கள்.

ஹோல் சென்சரைச் சோதிக்கும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, மோட்டார் சுழற்றும் சக்கரங்களை நிலத்திலிருந்து உயர்த்துங்கள். மோட்டாரிலிருந்து மூன்று தடித்த வயர்களும் ஐந்து மெல்லிய வயர்களும் வரும். மெல்லியவற்றில் பொதுவாகச் சிவப்பு சென்சருக்கு மின்சாரம் தருவது, கறுப்பு பொது வயர், மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் செய்தி கொண்டு வருபவை. நிறங்கள் கொம்பனிக்குக் கொம்பனி மாறலாம்.

கனெக்டரைப் பூட்டியபடியே வைத்து, அதன் பின்பக்கத்தால் மீற்றரின் ஊசியைச் செருக வேண்டும். கழற்றிவிட்டு அளந்தால் செய்தி வயர்களில் சரியான அளவு வராது, ஏனெனில் அவற்றை 5 வோல்ற்றுக்கு உயர்த்தி வைப்பது கொன்ட்ரோலரே. மீற்றர் ஊசி வழுக்கித் தடித்த வயரையும் மெல்லிய வயரையும் ஒன்றாகத் தொட்டால் நல்ல கொன்ட்ரோலரும் அந்த நொடியே எரியும். கவனம்.

முதலில் சாவியைப் போடுங்கள். கைப்பிடியைத் திருக வேண்டாம். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் பெரும்பாலான வண்டிகளில் 5 வோல்ற் அளவில் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் கனெக்டரைக் கழற்றி, கொன்ட்ரோலர்ப் பக்கத்தில் மீண்டும் அளக்கவும். இப்போது 5 வோல்ற் வந்தால் மோட்டார்ப் பக்கத்தில் எங்கோ வயர்கள் ஒன்றோடொன்று தொடுகின்றன. அப்போதும் வராவிட்டால் குறை கொன்ட்ரோலர்ப் பக்கத்தில் உள்ளது.

அடுத்து, கறுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில் மீற்றரை வைத்து, ஒருவர் சக்கரத்தைக் கையால் மிக மெதுவாகச் சுழற்றட்டும். மீற்றர் 0 இற்குக் கிட்டவும் 5 இற்குக் கிட்டவும் மாறி மாறித் தாவ வேண்டும். பச்சைக்கும் நீலத்துக்கும் அவ்வாறே செய்யுங்கள். ஒரு வயர் மட்டும் அசையாமல் நின்றால் அந்தச் சென்சரோ அதன் வயரோ பழுது. அளந்துகொண்டே வயரை மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது அளவு மாறினால் வயரே குற்றவாளி.

மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்க முடிந்தால் 5 ஐ "1" என்றும் 0 ஐ "0" என்றும் எழுதுங்கள். பெரும்பாலான மோட்டார்களில் 101, 100, 110, 010, 011, 001 என்ற ஆறு நிலைகளே வட்டமாக வரும். பின்னோக்கிச் சுழற்றினால் அதே ஆறும் தலைகீழ் ஒழுங்கில் வரும். 000 அல்லது 111 வந்தால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது.

மோட்டாரையே சோதிக்க ஓர் இலவச வழி

சாவியை நிறுத்தி, பற்றரியின் தொடர்பைத் துண்டித்து, சில நிமிடங்கள் பொறுத்து, மூன்று தடித்த வயர்களையும் கொன்ட்ரோலரிலிருந்து கழற்றுங்கள். அவை ஒன்றையொன்று தொடாதபோது காந்த மோட்டாரின் சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும். இப்போது ஏதாவது இரண்டு வயர்களை ஒன்றாக இணைத்துச் சுழற்றினால் விட்டு விட்டுத் தடை தெரியும். மூன்று சோடிகளிலும் தடை ஒரே அளவாக இருந்தால் சுருள்கள் பெரும்பாலும் நலம். ஒரு சோடியில் தடையே இல்லாவிட்டால் சுருள் அறுந்துள்ளது. எதையும் இணைக்காமலே தடை இருந்தால் உள்ளே சுருள்கள் ஒட்டிக்கொண்டுள்ளன, அல்லது பெயாரிங் பழுது. வயர்களின் உலோக முனையைக் கையால் பிடிக்க வேண்டாம். சுழலும் மோட்டார் தானே மின்சாரம் பிறப்பிக்கும்.

எப்போதும் நல்ல செய்தியே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். இன்னொரு குடும்பத்தின் வண்டியில் இந்தச் சோதனை செய்தபோது சுருள் கருகியிருப்பது அரை மணி நேரத்தில் தெரிந்தது. அவர்களுக்கு அது கசப்பான செய்தியே. ஆயினும் சென்சருக்கும் கொன்ட்ரோலருக்கும் வீணாகப் பணம் கொடுக்காமல், மோட்டாரை மட்டும் திரும்பச் சுற்றிக்கொண்டார்கள். உண்மை தெரிந்தால் இழப்புக்கு ஓர் எல்லை வரும்.

ரிசோல்வர்: பயிற்சி பெற்றவருக்கு

முன்னர் சொன்ன பாதுகாப்பு விதிகளை முடித்த பின், கணினிப் பக்கக் கனெக்டரைக் கழற்றி, ரிசோல்வரின் மூன்று சுருள்களையும் சோடி சோடியாக ஓம் அளவில் அளக்க வேண்டும். சரியான அளவு அந்த வண்டியின் கைநூலில் இருக்கும். ஒரு சுருளுக்கும் மற்றச் சுருளுக்கும் இடையிலோ, சுருளுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையிலோ தொடர்பு இருக்கக்கூடாது. அளவு பிழையென்றால் மோட்டார்ப் பக்கக் கனெக்டரில் மீண்டும் அளக்கவும். அங்கே சரி, இங்கே பிழை என்றால் இடையிலுள்ள வயர் பழுது. இரண்டு இடத்திலும் பிழை என்றால்தான் ரிசோல்வர் பழுது. பிரியஸ் போன்ற கார்களில் மோட்டாருக்கு ஒன்றும் ஜெனரேற்றருக்கு ஒன்றுமாக இரண்டு ரிசோல்வர்கள் இருப்பதால் ஒன்றின் அளவை மற்றதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் உதவும்.

ரிசோல்வரையோ மோட்டாரையோ மாற்றினால் பல வண்டிகளில் புதிய நிலையைக் கணினிக்கு ஸ்கேனர் மூலம் கற்பிக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் புதிய பாகமும் பழுது போலவே நடக்கும்.

சூட்டுச் சென்சருக்குக் காலை நேரச் சோதனை

வெல்லவாயவிலிருந்து எல்லைக்கு ஏறும்போது மோட்டார் உண்மையிலேயே சூடேறும். அப்போது வண்டியின் வலு குறைவது பாதுகாப்பே அன்றிக் கோளாறு அல்ல. சந்தேகமிருந்தால் இரவு முழுவதும் நின்ற வண்டியில், விடியற்காலையில், ஓட்டுவதற்கு முன் ஸ்கேனரில் பாருங்கள். மோட்டார், இன்வேர்ட்டர் ஆகியவற்றின் வெப்பநிலை வெளிக் காற்றை ஒட்டியே இருக்க வேண்டும். பதுளைக் காலையில் மோட்டார் மட்டும் சைபருக்குக் கீழே 40 பாகை என்று காட்டினால் பெரும்பாலும் வயர் அறுந்துள்ளது. குளிர்ந்த மோட்டார் கொதிக்கும் சூட்டைக் காட்டினால் வயர்கள் ஒன்றோடொன்று தொடுகின்றனவா என்று பாருங்கள்.

கராஜில் கேட்க வேண்டிய கேள்விகள்

எல்லோரும் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. ஆனால் எல்லோரும் கேள்வி கேட்கலாம். "என்ன இலக்கம் காட்டியது? எழுதித் தாருங்கள். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தீர்களா? எந்த அளவு எடுத்தீர்கள், எவ்வளவு இருக்க வேண்டும்? கழற்றிய பழைய பாகத்தை எனக்குத் தருவீர்களா?" இவற்றைத் தாழ்மையோடும் உறுதியோடும் கேளுங்கள். நேர்மையான தொழிலாளி கோபப்பட மாட்டார்.

எமது இளைஞர்களுக்கு, பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்தே, ஒரு வார்த்தை. மலையில் இந்த வேலை தெரிந்தவர்கள் குறைவு. தொழிற்பயிற்சி அதிகாரசபை, தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவற்றின் மோட்டார் வாகனப் பயிற்சிகளைப் பற்றி விசாரியுங்கள். கராஜில் வேலை செய்தே தொழில் பழகியவர்கள் தம் அனுபவத்தைக் காட்டித் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறவும் வழி உண்டு. காணி சரிந்து போகலாம். கையில் பழகிய தொழில் சரிவதில்லை.

குழுவில் கலந்துரையாட

1. நம் குடியிருப்பில் மின் மோட்டார் உள்ள வண்டிகள் எத்தனை? அவற்றைப் பழுது பார்க்க எங்கே செல்கின்றோம்?

2. கடந்த காலத்தில் தேவையில்லாமல் பாகம் மாற்றிய அனுபவம் யாருக்காவது உண்டா? எந்தப் படியைத் தவறவிட்டோம்?

3. ஒரு மல்டிமீற்றரும் ஒரு சிறிய ஸ்கேனரும் சங்கத்தின் பொதுப் பணத்தில் வாங்கி, எல்லோரும் பயன்படுத்த முடியுமா? யார் பொறுப்பெடுப்பார்?

4. செய்து பார்க்க: அடுத்த கூட்டத்துக்கு ஒருவரின் வண்டியைக் கொண்டுவந்து, நன்றாக ஓடும் நிலையிலேயே ஹோல் சென்சரின் அளவுகளை எழுதி வையுங்கள். சுகமாக இருக்கும்போது எடுத்த அளவே நோய் வரும்போது உதவும்.